மென்பொருளுக்கு பேட்டன்ட் கொடுக்கலாமா, கூடாதா? எங்கள் விஷயத்தை வைத்தே கேட்கிறேன்

கட்டிங்_மேசை:

எல்லோருக்கும் வணக்கம். திருப்பூரில் சின்னதாக ஒரு மென்பொருள் கம்பெனி நடத்துகிறோம். பனியன் கம்பெனிகளின் கட்டிங் பகுதிக்கு ஒரு நிரல் எழுதியிருக்கிறோம். துணி ரோல் எல்லாம் ஒரே எடையில் வருவதில்லை, ஒரே கலர் என்று சாயப்பட்டறை அனுப்பினாலும் ரோலுக்கு ரோல் ஷேடு லேசாக மாறும். எந்த ரோலை எந்த லேயில் (வெட்டுவதற்காக அடுக்கி விரிக்கும் துணியில்) போட்டால் கடைசியில் மிஞ்சும் துண்டுத்துணி குறையும், ஒரே உடுப்பில் இரண்டு ஷேடு கலக்காமல் இருக்கும் என்பதை இதுவரை கட்டிங் மாஸ்டர்தான் கண்ணால் பார்த்து, அனுபவத்தை வைத்து முடிவு செய்துகொண்டிருந்தார். அதைத்தான் எங்கள் நிரல் கணக்குப் போட்டுச் சொல்கிறது. மாஸ்டர்களே உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து, திட்டி, திருத்தி உருவான நிரல் இது.

முதலீடு செய்வதாக வந்த ஒருவர் முதலில் கேட்டதே "பேட்டன்ட் இருக்கிறதா?" என்றுதான். அப்புறம் ஒரு ஆலோசகரைப் பார்த்தோம். வெறும் மென்பொருள் என்று எழுதினால் தள்ளிவிடுவார்கள், கேமரா, எடைத்தராசு, பிராசஸர் எல்லாவற்றையும் சேர்த்து "ஓர் அமைப்பும் முறையும்" என்று எழுதிவிடலாம் என்றார். எனக்கு அது மனதுக்கு ஒப்பவில்லை. ஆனால் நாங்கள் பட்ட பாட்டை நாளைக்கு ஒரு பெரிய நிறுவனம் பார்த்துவிட்டு அப்படியே எழுதி எங்களைத் தூக்கிச் சாப்பிட்டால் என்ன செய்வது என்கிற பயமும் இருக்கிறது. இன்னொரு பக்கம் லினக்ஸ், பைத்தான், போஸ்ட்கிரெஸ் என்று நாங்கள் நிற்கிற தரை முழுக்க மற்றவர்கள் இலவசமாகக் கொடுத்தது.

அதனால் இரண்டு கேள்வி. இந்தியாவில் இதற்கு உண்மையிலேயே பேட்டன்ட் கிடைக்குமா? அதைவிட முக்கியமாக, கிடைக்கத்தான் வேண்டுமா?

கிண்டி_பக்கம்:

பேட்டன்ட் விண்ணப்பம் எழுதிக் கிண்டி அலுவலகத்தில் தாக்கல் செய்யும் வேலையில் இருக்கிறேன். சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், என் அபிப்பிராயம் அப்புறம்.

1970ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் 3ஆம் பிரிவு எதெல்லாம் கண்டுபிடிப்பாகக் கருதப்படாது என்று பட்டியல் போடுகிறது. 2002 திருத்தத்தில் அதில் (கே) என்று ஓர் உட்பிரிவு வந்தது. கணித முறை, வணிக முறை, அல்காரிதம் (ஒரு கணக்கைப் படிப்படியாகப் போடும் முறை), தன்னளவில் நிற்கும் கணினி நிரல், இவற்றுக்கு பேட்டன்ட் கிடையாது. 2004 டிசம்பரில் அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டு, தொழில்துறையில் தொழில்நுட்பப் பயன்பாடு இருந்தாலோ வன்பொருளோடு சேர்ந்து வந்தாலோ நிரலுக்கும் கொடுக்கலாம் என்று மாற்றியது. 2005இல் அது நாடாளுமன்றத்துக்கு வந்தபோது இடதுசாரிகளின் ஆதரவில் நின்றுகொண்டிருந்த அரசால் அந்த வரியைக் காப்பாற்ற முடியவில்லை, பழைய வாசகமே திரும்பி வந்துவிட்டது. அதே திருத்தத்தில் வந்த மருந்து பேட்டன்ட் விஷயத்தில்தான் அன்றைக்குச் சத்தம் அதிகம், அதனால் இது பலருக்கு நினைவில் இல்லை. ஆனால் கதவைத் திறக்கலாமா என்று நேராகக் கேட்கப்பட்டு, நாடாளுமன்றம் வேண்டாம் என்று சொன்ன விஷயம் இது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் வழிகாட்டுதல்களில். 2015 ஆகஸ்டில் பேட்டன்ட் அலுவலகம் ஒன்று வெளியிட்டது, ரொம்பத் தாராளம். எதிர்ப்பு கிளம்பவே டிசம்பரில் நிறுத்தி வைத்தார்கள். 2016 பிப்ரவரியில் புதிய வன்பொருளும் சேர்ந்து இருந்தால்தான் பார்ப்போம் என்று இறுக்கினார்கள். 2017 ஜூனில் அந்த நிபந்தனையையே எடுத்துவிட்டார்கள். கடைசியில் ஃபெரிட் அல்லானி வழக்கில் 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம், தொழில்நுட்ப விளைவோ பங்களிப்போ இருந்தால் நிரலை அடிப்படையாகக் கொண்டது என்பதற்காக மட்டுமே மறுக்க முடியாது என்றது. இன்றைக்கு எல்லோரும் எடுத்துக்காட்டுகிற தீர்ப்பு அதுதான். அந்த விண்ணப்பம் இந்தியாவில் தாக்கலானது 2002இல் என்பதையும் சேர்த்துப் படியுங்கள். பேட்டன்டின் ஆயுளே 20 வருடம்.

என் அபிப்பிராயம்: கோடு எங்கே போட வேண்டும் என்பதற்கு எனக்குப் பிடித்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1981 டீயர் வழக்கு. அச்சில் வைத்த ரப்பரைப் பதப்படுத்தும்போது உள்ளே இருக்கும் வெப்பத்தை விடாமல் அளந்து, வெப்பத்துக்கேற்ப வேதிவினை எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லும் அரீனியஸ் சமன்பாட்டில் போட்டுப் போட்டுப் பார்த்து, சரியான நொடியில் அச்சைத் திறக்கிறது கணினி. சமன்பாடு யாருக்கும் சொந்தமில்லை, ரப்பர் நன்றாக வருகிறது, பேட்டன்ட் உண்டு என்றார்கள். அதே நீதிமன்றம் 1972இல் பென்சன் வழக்கில், எண்களை ஒரு வடிவத்திலிருந்து இரும வடிவத்துக்கு மாற்றும் முறைக்கு முடியாது என்றிருந்தது. இரண்டுமே சரியான தீர்ப்பு என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் நிரல் மாஸ்டருக்குத் திரையில் ஒரு பட்டியல் காட்டுவதோடு நின்றால் அது கணக்கு, 3(கே)யில் போய் முட்டும். கேமரா பார்த்த ஷேடை வைத்து லே விரிக்கும் மெஷினையே அது நிறுத்தி ஓட்டினால் பேச இடம் இருக்கிறது. பெயருக்குக் கேமராவை ஒட்டி எழுதுகிற விண்ணப்பங்களைப் பரிசோதகர்கள் தினமும் பார்க்கிறார்கள். தனிநபருக்கும் ஸ்டார்ட்அப்புக்கும் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய், பரிசோதனைக்கு 4,000 ரூபாய் என்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், எழுதுவதற்கும் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்வதற்கும் ஆகிற செலவு அதைவிடப் பல மடங்கு.

பழைய_சி_நிரலர்:

திருப்பூர் தம்பி, இரண்டாவது கேள்விக்கு என் பதில்: கிடைக்கக் கூடாது. உங்கள் உழைப்பு சின்னது என்று சொல்லவில்லை. ஆனால் பேட்டன்ட் என்பது உங்களைப் பார்த்துக் காப்பியடித்தவனை மட்டும் பிடிக்கிற சட்டம் கிடையாது. கோவையில் உங்களைப் பற்றிக் கேள்வியே படாத ஒரு பெண் இதே சிக்கலை எடுத்து, தானாக யோசித்து, தானாக எழுதினாலும் அவரையும் அது பிடிக்கும். பதிப்புரிமைக்கு நகல் எடுத்ததைக் காட்ட வேண்டும், பேட்டன்டுக்கு அது தேவையே இல்லை. நிரல் எழுதுகிறவர்கள் ஒரே சிக்கலுக்கு ஒரே விடையைத் தனித்தனியாகக் கண்டுபிடிப்பது அன்றாடம் நடக்கிற விஷயம், ஏனென்றால் எல்லோரிடமும் இருப்பது ஒரே கருவிகள். அப்படிப்பட்ட துறையில் முதலில் கிண்டிக்கு ஓடியவருக்கு 20 வருடம் என்பது அநியாயம்.

ஜிஃப் படங்களின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனால் முழுசாகச் சொல்கிறேன். எல்இசட்டபிள்யூ என்கிற, தரவைச் சுருக்கும் முறையை டெர்ரி வெல்ச் 1984இல் ஒரு கணினி இதழில் கட்டுரையாகவே எழுதினார். யார் வேண்டுமானாலும் படித்து எழுதலாம் போலத்தான் இருந்தது. அதை வைத்து கம்ப்யூசெர்வ் என்கிற அமெரிக்க ஆன்லைன் சேவை நிறுவனம் 1987இல் ஜிஃப் வடிவத்தை வெளியிட்டது, உலகமே பயன்படுத்தத் தொடங்கியது. அந்த முறைக்கு 1985லேயே பேட்டன்ட் வழங்கப்பட்டு, அது யூனிசிஸ் என்கிற கணினி நிறுவனத்தின் கையில் இருந்தது. 1994 டிசம்பரில், வலைத்தளங்கள் பரவ ஆரம்பித்த நேரத்தில், ஜிஃப் எழுதும் மென்பொருளுக்கு இனி உரிமக் கட்டணம் என்று அறிவிப்பு வந்தது. ஆத்திரப்பட்ட நிரலர்கள் சேர்ந்து உருவாக்கியதுதான் பிஎன்ஜி என்கிற பட வடிவம். பேட்டன்டால் புதிய கண்டுபிடிப்பு பிறந்தது பார் என்று இதைச் சிலர் சொல்வார்கள். இருக்கிற வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்கள் கட்டிய வீடு அது. அமெரிக்காவில் அந்த பேட்டன்ட் 2003 ஜூனில்தான் முடிந்தது.

இன்னும் இருக்கிறது. பிசிப் என்ற சுருக்கும் நிரல், எண்கணிதக் குறியாக்கம் என்கிற சுருக்கும் முறையைச் சுற்றியிருந்த பேட்டன்ட்களால் அதைக் கைவிட்டு ஹஃப்மன் என்கிற பழைய முறைக்கு மாறி பிசிப்2 ஆனது. லினக்ஸில் எழுத்துருக்களைத் தெளிவாகக் காட்டும் ஃப்ரீடைப் நூலகத்தில், ட்ரூடைப் எழுத்துருவுக்குள்ளேயே இருக்கும் நுண்கட்டளைகளை இயக்கும் பகுதி எழுதித் தயாராகவே இருந்தது. ஆப்பிளின் பேட்டன்ட்கள் 2010 மே மாதம் முடியும் வரை அதை அணைத்துத்தான் வெளியிட்டார்கள். எழுதி முடித்த நல்ல நிரலை மூடிவைத்துவிட்டு அதைவிடச் சுமாரான ஒன்றை மக்களுக்குக் கொடுக்க வேண்டிய நிலை. இதில் யாருக்கு என்ன ஊக்கம் கிடைத்தது?

ஒரே க்ளிக்கில் பொருள் வாங்கும் முறைக்கு அமேசான் வாங்கிய பேட்டன்டைச் சொல்லாமல் இந்தப் பேச்சு முடியாது. 1999 செப்டம்பரில் வழங்கப்பட்டது. அடுத்த மாதமே பார்ன்ஸ் அண்ட் நோபிள் என்கிற புத்தகக்கடை நிறுவனத்தின் மேல் வழக்கு, டிசம்பரில் தடை. கிறிஸ்துமஸ் வியாபார நேரத்தில் அவர்கள் தங்கள் தளத்தில் வேண்டுமென்றே கூடுதலாக ஒரு க்ளிக் சேர்க்க வேண்டி வந்தது. 2001 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை நீக்கியது, ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் போனது போனதுதான். பார்ன்ஸ் அண்ட் நோபிள் அளவுள்ள நிறுவனத்துக்கே இந்தக் கதி என்றால் உங்களைப் போன்ற கம்பெனி முதல் வக்கீல் நோட்டீஸிலேயே மூடிவிடும்.

சிக்னல்_ஆய்வாளர்:

பழைய சி ஐயா சொன்ன கதைகள் எல்லாம் உண்மை. ஆனால் அவை மோசமான பேட்டன்ட்களின் கதை, அல்லது மோசமாகப் பயன்படுத்தப்பட்ட பேட்டன்ட்களின் கதை. அதை வைத்து மென்பொருள் முழுக்கவே கூடாது என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒலி, படச் சுருக்கத்தில் வேலை செய்கிறவன் நான். ஒலியில் வேண்டாததை நீக்கும் ஒரு வடிகட்டியை மின்சுற்றாகச் சிலிக்கானில் செய்தால் கண்டுபிடிப்பு, அதே வடிகட்டியை நிரலாக எழுதினால் வெறும் கணக்கு என்று சொன்னால், இரண்டையும் செய்து பார்த்த யாராலும் ஏற்றுக்கொள்ள முடியாது. எம்பி3க்குப் பின்னால் மனிதக் காது எதைக் கேட்கும், எதைக் கேட்காமல் விடும் என்று வருடக்கணக்கில் நடந்த ஆய்வு இருக்கிறது. ஃப்ரான்ஹோஃபர் நிறுவனம் அதன் உரிமத் திட்டத்தை 2017இல் முடித்துக்கொள்ளும் வரை அதில் வருமானம் பார்த்தது, அது ஆராய்ச்சி நிறுவனம், அந்தப் பணம் அடுத்த ஆராய்ச்சிக்கு வேண்டும். வலைப்பக்கங்களை வரிசைப்படுத்தும் கூகுளின் பேஜ்ரேங்க் முறைக்கான பேட்டன்ட் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் பெயரில் இருந்தது. உரிமத்துக்கு ஈடாகக் கிடைத்த 18 லட்சம் பங்குகளை விற்றதில் பல்கலைக்கழகத்துக்கு 33.6 கோடி டாலர் வந்தது. நம் ஊர்ப் பல்கலைக்கழகங்களில் எழுதப்படுகிற நல்ல அல்காரிதத்துக்கு இப்படி ஒரு வழி இருக்க வேண்டாமா?

பேட்டன்ட் வேண்டாம், பதிப்புரிமை இருக்கிறதே என்பீர்கள். அது எழுதிய வரிகளை மட்டும்தான் காக்கும். ஒரு பெரிய நிறுவனம் நல்ல ஆட்களை உட்கார வைத்து, கட்டிங்_மேசையின் யோசனையை வேறு மொழியில் புதிதாக எழுதினால் பதிப்புரிமையால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் மென்பொருள் பேட்டன்ட் என்று சொல்லப்படுவது 1968இல் மார்ட்டின் கோட்ஸ் வாங்கியது, தரவுகளை வரிசைப்படுத்தும் முறைக்கு. அவர் ஒரு சின்ன கம்பெனிக்காரர், ஐபிஎம் எடுத்துக்கொள்ளும் என்கிற பயத்தில் போட்டது அது. திருப்பூர்க்காரர் இன்றைக்குப் பயப்படுகிற அதே பயம்.

அமெரிக்காவிலும் நிலைமை முன்பு போல் இல்லை. 2014இல் ஆலிஸ் வழக்கில் அவர்கள் உச்ச நீதிமன்றம் ஒருமனதாக, பழைய யோசனையைக் கணினியில் ஓட்டுவதால் மட்டும் அது கண்டுபிடிப்பாகிவிடாது என்று சொல்லிவிட்டது. களை எடுத்தால் போதும் என்பதுதான் என் கட்சி.

ஆசிரியை_கம்ப்யூட்டர்:

கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து. பொறியியல் கல்லூரி ஒன்றில் கணினித் துறையில் இருக்கிறேன். எங்கள் கல்லூரியில் வருடத்துக்கு இத்தனை பேட்டன்ட் என்று துறைக்குத் துறை இலக்கு. மாணவர்களின் கடைசி வருட புராஜெக்டையே "செயற்கை நுண்ணறிவு கொண்டு இயங்கும் அமைப்பு" என்று மாற்றி எழுதித் தாக்கல் செய்கிறோம், அது பேட்டன்ட் அலுவலக இதழில் வெளியானதும் பேனர் வைக்கிறோம். தாக்கல் செய்தால் பொதுவாக 18 மாதத்தில், முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் அதற்கும் முன்பே, எல்லா விண்ணப்பமும் வெளியாகும். வெளியாவது வேறு, பரிசோதித்து வழங்கப்படுவது வேறு என்பது பெற்றோருக்குத் தெரியாது. நல்ல மாணவர்கள் இதைப் பார்த்துவிட்டு, கண்டுபிடிப்பு என்றாலே படிவம் நிரப்புவது என்று நினைத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதுதான் ரொம்ப வலிக்கிறது. 3(கே)யை இன்னும் தளர்த்தினால் எங்களைப் போன்ற இடங்களிலிருந்து குப்பைதான் இன்னும் அதிகம் வரும், அதற்கு நடுவில் உண்மையான ஒன்று இருந்தால் அதுவும் வரிசையில் கிடக்கும்.

பழைய_சி_நிரலர்:

சிக்னல் தம்பிக்கு: கோட்ஸ் பயந்த ஐபிஎம்மைப் பற்றி ஒரு விவரம். 1993 முதல் 2021 வரை ஒவ்வொரு வருடமும் அமெரிக்காவில் அதிகம் பேட்டன்ட் வாங்கிய நிறுவனம் எது தெரியுமா? ஐபிஎம். சின்னவன் கையில் கொடுத்த ஆயுதம் என்று ஆரம்பித்தது எங்கே போய்ச் சேர்ந்தது என்று பாருங்கள். திருப்பூர் கம்பெனி ஒரு பேட்டன்டை நீட்டினால் பெரியவர்கள் தங்களிடம் இருக்கும் ஆயிரத்தை நீட்டுவார்கள், அதில் ஏதோ ஒன்றை இவர்கள் மீறித்தான் இருப்பார்கள், ஏனென்றால் எந்த மென்பொருளை எடுத்தாலும் அதற்குள் ஆயிரக்கணக்கான சின்ன யோசனைகள் இருக்கும். பெரியவர்களையே ஆட்டிப்படைக்க முடிகிறவர்கள் பொருளே தயாரிக்காமல் பேட்டன்ட் மட்டும் வைத்திருப்பவர்கள்தான். பிளாக்பெரி தயாரித்த நிறுவனம் 2006இல் என்டிபி என்கிற அப்படிப்பட்ட ஒன்றுக்கு 61.25 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தது.

காது பற்றிய ஆய்வு பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் களை எடுத்தால் போதும் என்கிறீர்களே, அந்தக் களையை யார் காசில் எடுப்பது? ஒவ்வொரு மோசமான பேட்டன்டையும் ரத்து செய்ய ஒருவர் நீதிமன்றம் ஏற வேண்டும். ஐரோப்பிய நாடாளுமன்றம் 2005 ஜூலையில் 648க்கு 14 என்ற கணக்கில் மென்பொருள் பேட்டன்ட் வரைவுச் சட்டத்தைத் தள்ளியது. நம் நாடாளுமன்றம் அதே வருடம் சில மாதங்களுக்கு முன்பு செய்ததைத்தான் அவர்களும் செய்தார்கள். நாம் போட்ட கோட்டை வழிகாட்டுதல் வழிகாட்டுதலாக நாமே அழித்துக்கொண்டு வருவதுதான் எனக்கு ஆற்றாமை.

கட்டிங்_மேசை:

எல்லோருக்கும் நன்றி. கூட்டாளிகளோடும் பேசினேன். கேமராவை ஒட்டவைத்து எழுதுகிற வேலை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டோம். மெஷினை ஓட்டுகிற அளவுக்கு எங்கள் நிரல் இன்னும் போகவில்லை, போனால் அப்போது பார்ப்போம். ஆனால் ஒரு பயம் மிச்சம் இருக்கிறது. நாங்கள் சும்மா இருந்து, வேறு யாராவது இதே யோசனைக்கு பேட்டன்ட் வாங்கி, எங்கள் நிரலை நாங்களே விற்க முடியாமல் செய்துவிட்டால்?

பழைய_சி_நிரலர்:

நியாயமான பயம். யாரெக் டூடா என்கிற போலந்து ஆய்வாளர் ஏஎன்எஸ் என்கிற குறியாக்க முறையை எல்லோரும் இலவசமாகப் பயன்படுத்தட்டும் என்றே வெளியிட்டார், தரவைச் சுருக்கும் நிரல்களான ஃபேஸ்புக்கின் இசட்ஸ்டாண்டர்டிலும் ஆப்பிளின் எல்இசட்எஃப்எஸ்இயிலும் இன்றைக்கு ஓடுவது அதுதான். அதன் ஒரு வகை மீது 2022இல் மைக்ரோசாஃப்ட் அமெரிக்காவில் பேட்டன்ட் வாங்கிவிட்டது. அதனால் கிண்டி நண்பர் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள்.

கிண்டி_பக்கம்:

இங்கே செய்யக்கூடியது இருக்கிறது. உங்கள் முறையை ஒரு கட்டுரையாக, தேதியோடு, யாரும் தேடினால் கிடைக்கிற இடத்தில் வெளியிடுங்கள். நிரல் வரிகளைக் கொடுக்க வேண்டியதில்லை, ஆனால் துறை தெரிந்த ஒருவர் படித்தால் செய்து பார்க்கிற அளவுக்கு விவரம் இருக்க வேண்டும்: ஷேடை எப்படி வகைப்படுத்துகிறீர்கள், எடையை எப்படிச் சேர்க்கிறீர்கள், எந்த வரிசையில் முடிவெடுக்கிறீர்கள். அப்புறம் அதற்கு மேல் யார் விண்ணப்பம் போட்டாலும் அது புதுமை ஆகாது. வெளியிட்டுவிட்டால் பெரும்பாலும் நீங்களே பேட்டன்ட் கேட்கும் வழியும் அடைபடும், இந்தியாவில் அதற்குச் சலுகைக் காலம் மிகக் குறுகிய சில சூழல்களுக்குத்தான். அதனால் கூட்டாளிகள் எல்லோரும் ஒத்துக்கொண்ட பிறகு செய்யுங்கள்.

யாராவது போட்டுவிட்டால், விண்ணப்பம் வெளியான பிறகும் பேட்டன்ட் வழங்கப்படும் முன்பும் 25(1) பிரிவில் எவர் வேண்டுமானாலும் எதிர்ப்பு கொடுக்கலாம், பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அதற்கு ஆதாரம் வேண்டும். எந்த மில்லில் எந்த நாளில் நிறுவினீர்கள், பில், மின்னஞ்சல், பயன்படுத்திய மாஸ்டரின் கையெழுத்து எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். ரகசியமாக உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தது கணக்கில் வராது, வெளியில் புழங்கியிருக்க வேண்டும்.

முதலீட்டாளரிடம் பதிப்புரிமைப் பதிவையும் வாடிக்கையாளர் ஒப்பந்தங்களையும் காட்டுங்கள். வேலையாட்களோடும் மில்களோடும் ரகசியம் காக்கும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும், வணிக ரகசியத்துக்கு நம் நாட்டில் தனிச் சட்டம் இல்லை, ஒப்பந்தத்தை வைத்துத்தான் நிற்க முடியும். எதைக் கட்டுரையில் வெளியிடுகிறீர்கள், எதை உள்ளே வைத்துக்கொள்கிறீர்கள் என்பதை மட்டும் முதலிலேயே பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். வெளியிடும் முன் வரைவை இங்கே போட வேண்டாம், தனிச்செய்தியில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.